அடுத்தவர் கம்ப்யூட்டரைத் தொடும் முன்

நான் பத்தாவது வரை படித்தவள். கம்ப்யூட்டரை நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில்தான் பழகினேன்.

போன தை மாசம் பக்கத்து ஊர் கூட்டமைப்புக் கணக்காளர் அக்கா போன் செய்தார். "நெட் வேலை செய்யல. பதினோரு குழுவோட கடன் விவரம் இன்னைக்குள்ள ஏத்தணும், இல்லைன்னா அடுத்த மாசம்தான்" என்று அழாத குறை.

போனதும் நான் மவுஸைப் பிடிக்கவில்லை. முன்பு ஒரு தடவை அப்படிப் பிடித்து, ஒரு தங்கச்சியின் சேமிப்புக் கணக்கையே அழித்துவிட்டேன். பாவம், மூன்று நாள் பேரேட்டைப் பார்த்துத் திரும்ப அடித்தாள். அதிலிருந்து முதலில் கேள்விதான். கடைசியா எப்போ சரியா இருந்துச்சு? அப்புறம் என்ன நடந்துச்சு? திரையில என்ன வருது, அப்படியே வாசிங்க.

முந்தின ராத்திரி பூரா கரண்ட் இல்லையாம். திரையில் வந்ததை அக்கா வாசிக்காமலே மூடிக்கொண்டிருந்தார். (நாமளும் அப்படித்தானே!) அதே நெட்டில் என் போனைச் சேர்த்துப் பார்த்தேன், பக்கம் திறந்தது. அப்போ நெட் மேல் பழி இல்லை. மறுபடி வாசிக்கச் சொன்னேன். கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று இருந்தது. மூலையில் பார்த்தால் 2012-ஆம் வருசம்! தேதி தப்பானால், இணையதளத்தின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் திறக்க மறுக்கும். தேதியை மட்டும் மாற்றினோம். திறந்தது.

உள்ளே நேரத்தைக் காக்கும் வட்ட பேட்டரி தீர்ந்திருந்தது. சிஆர் 2032 என்று கேட்டு வாங்கி மறுநாள் மாற்றினோம், பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான்.

பதினோரு குழுவும் அன்றைக்கே ஏறியது. கடைசி பட்டனை அக்காவையே அழுத்தச் சொன்னேன்.