மாவு ஆலை உணவு விடுதியான கதை

கேழ்வரகு அரைக்கும் திருகையை நம்மில் பலர் அறிவோம். கீழ்க்கல் அசையாது; மேற்கல் சுழலும்; இடையில் அகப்பட்ட தானியம் மாவாகும். அதே கல்லைப் பெரிதாக்கி, ஓடும் நீரின் விசையால் சுழல வைத்தால் அது மாவு ஆலை. அத்தகைய ஓர் ஆலை உணவு விடுதியாக மாறிய வரலாற்றை இன்று பார்ப்போம்.

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் ராக் கிரீக் என்ற ஓடை பாய்கிறது. அதன் கரையில் 1820களில் ஐசக் பீர்ஸ் என்பவர் கல்லால் ஓர் ஆலை கட்டினார். உழவர்கள் கோதுமையும் மக்காச்சோளமும் கொண்டுவந்து அரைத்துச் சென்றனர். ஆலிவர் எவன்ஸ் என்பவர் 1790இல் காப்புரிமை பெற்ற முறை அங்கே பயன்பட்டது. வாரில் கோத்த சிறு வாளிகள் தானியத்தை மேல்மாடிக்கு ஏற்றும். மூட்டை சுமந்து படியேறும் பாடு குறைந்தது. ஆனால், பாடுபட்டவர்களின் நிலை வேறு. பீர்ஸ் குடும்பத்தார் அடிமைகளை வைத்திருந்தனர். வாஷிங்டனில் அடிமை முறை 1862இல்தான் ஒழிந்தது.

1890இல் அந்த ஓடைப் பகுதி அரசுப் பூங்காவென அறிவிக்கப்பட்டது. 1897இல் ஆலையின் முதன்மை அச்சு முறிந்தது, அரைப்பதும் நின்றது. சில ஆண்டுகளில் அரசு அதை ஒப்பந்தக்காரர்களிடம் விட, ஆலை தேநீர் விடுதியாயிற்று. பூங்காவுக்கு வந்தவர்கள் அங்கே அமர்ந்து தேநீரும் சிற்றுண்டியும் உண்டனர்.

1920இல் ஹாட்டி சுவெல் என்ற கறுப்பினப் பெண்மணி அந்த விடுதியை ஏற்று நடத்தினார். ஒரு பெண், அதுவும் அந்நாளில், அரசு ஒப்பந்தம் பெற்றுத் தொழில் நடத்தியது சிறிய செயலா? ஆனால், அது கறுப்பர்கள் கூடும் இடமாகிவிட்டது என்று அண்டையிலிருந்த வெள்ளையர் ஒருவர் அதிகாரிகளிடம் முறையிட்டார். விடுதி அவர் கையைவிட்டுப் போயிற்று. சமையலில் குறையில்லை, கணக்கில் குறையில்லை. தோலின் நிறமே குறையாகக் காணப்பட்டது.

1930களில் அரசு விடுதியை மூடி, சக்கரத்தையும் கற்களையும் புதுப்பித்தது. ஆலை மீண்டும் மாவு அரைத்தது. அந்த மாவு அரசு அலுவலக உணவகங்களுக்குச் சென்றது. 1993இல் பழுதாகி நின்ற சக்கரம், பொதுமக்கள் திரட்டிய பொருளின் துணையுடன் 2011இல் மறுபடி சுழன்றது.

நேயர்களே, அச்சு முறிந்ததும் அந்தக் கட்டடத்தை இடித்திருந்தால் இந்த வரலாறும் மண்ணோடு போயிருக்கும். விடுதியாகப் பயன்பட்டதால் சுவர் நின்றது; சுவர் நின்றதால் ஆலை மீண்டது. ஆயினும் கல்லைக் காப்பது மட்டும் போதாது. அங்கே உழைத்தவர் யார், விலக்கப்பட்டவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களிலும் பழைய புகைக்கூடங்களும் லயங்களும் உண்டு. அவற்றில் உழைத்த பாட்டன் பாட்டிமாரின் பெயர்களை நம் பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்கட்டும். பெயரோடு நிற்கும் சுவரே வரலாறு.