யூனாவும் மாவோவும்: மதிப்பெண் கணக்கு சொன்னது என்ன?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் 'தெரிந்து கொள்வோம்' நேரத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விளையாட்டில் சாதித்த பெண்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பி.டி. உஷா பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவரைப் பற்றி உங்களுக்கே நிறையத் தெரியும். அதனால் நம்ம ஊரில் யாரும் ஆடாத ஒரு ஆட்டத்தைப் பற்றிச் சொல்றேன். ஐஸ் தளத்தின் மேல், அடியில் கத்தி வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு, பாட்டுக்கு ஆடுகிற ஆட்டம். ஃபிகர் ஸ்கேட்டிங் என்று பெயர். பனிச்சறுக்கு நடனம் என்று பத்திரிகையில் போடுவார்கள். டிவியில் பார்க்கும்போது பரதநாட்டியமும் சர்க்கஸும் சேர்ந்த மாதிரி இருக்கும்.

இந்த ஆட்டத்தில் இரண்டு பெண்கள் பத்து வருஷம் போட்டி போட்டார்கள். ஒருவர் தென்கொரியாவின் யூனா கிம், இன்னொருவர் ஜப்பானின் மாவோ அசாதா. இருவரும் பிறந்தது 1990 செப்டம்பர் மாதம். யூனா 5-ஆம் தேதி, மாவோ 25-ஆம் தேதி. இருபது நாள்தான் வித்தியாசம்! 2005-ல் ஜூனியர் உலகப் போட்டியில் மாவோ முதலிடம், யூனா இரண்டாமிடம். அடுத்த வருஷம் அப்படியே தலைகீழ். இரண்டு நாட்டு மக்களும் இவர்களை ஒப்பிட்டு ஒப்பிட்டே பேசினார்கள். ஒரே தெருவில் ஒரே வயசில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தால் நாம் என்ன செய்வோமோ, அதையே இரண்டு நாடும் செய்தது.

இதில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. 2010-ல் கனடாவின் வான்கூவர் ஒலிம்பிக்கில், வேறு எந்தப் பெண்ணும் செய்யாததை மாவோ செய்தார். பெண்களுக்கு மிகக் கஷ்டமான தாவலை ஒரே போட்டியில் மூன்று முறை செய்து, மூன்று முறையும் விழாமல் இறங்கினார். ஆனாலும் தங்கம் யூனாவுக்குப் போனது. "கஷ்டமானதைச் செய்தவளுக்கு வெள்ளி, அழகாக ஆடியவளுக்குத் தங்கமா?" என்று பலர் குறைப்பட்டார்கள். மதிப்பெண் தாளைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். நம்ம குழுவுக்கு வங்கிக் கடன் வாங்கும் முன் தரம் பிரிக்கிறார்கள் இல்லையா? கூட்டம் ஒழுங்காக நடந்ததா, சேமிப்பு எவ்வளவு, கடன் திரும்பி வந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். அதே மாதிரிதான் இதுவும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விலைப் பட்டியல் உண்டு. அதன் மேல், தாவல் எவ்வளவு நன்றாக இருந்தது என்று பார்த்து நடுவர்கள் கூட்டுவார்கள், இல்லாவிட்டால் கழிப்பார்கள். அன்றைய விதிப்படி அது கழித்தல் 3-லிருந்து கூட்டல் 3 வரை. இந்த இரண்டும் சேர்ந்தது தொழில்நுட்பக் கணக்கு. ஆட்டத்தின் அழகு, பாட்டோடு ஒட்டுதல், சறுக்கும் திறமை இதற்கெல்லாம் இரண்டாவது கணக்கு தனியாக உண்டு. ஒரு நாள் சின்ன ஆட்டம், இன்னொரு நாள் நீண்ட ஆட்டம். இரண்டையும் கூட்டினால் மொத்தம்.

இப்போ தாவலுக்கு வருவோம். மாவோவின் ஆயுதம் ட்ரிபிள் ஆக்ஸெல். 1882-ல் ஆக்ஸெல் தாவலை முதலில் செய்து காட்டிய நார்வேக்காரர் ஆக்ஸெல் பால்சன் பெயரிலேயே அழைக்கிறார்கள். மற்ற தாவல்களில் எல்லாம் பின்பக்கமாகச் சறுக்கி வந்து எழும்புவார்கள். இதில் மட்டும் முன்பக்கம் பார்த்து எழும்ப வேண்டும். ஆனால் இறங்குவது பின்பக்கமாகத்தான். அதனால் மூன்று சுற்று போதாது, மூன்றரைச் சுற்று வேண்டும். ஆகாயத்தில் இருப்பதோ ஒரு நொடிக்கும் குறைவு. ஒலிம்பிக்கில் இதை முதலில் செய்த பெண் ஜப்பானின் மிடோரி இத்தோ, 1992-ல். பதினெட்டு வருஷம் கழித்து இரண்டாவதாகச் செய்தவர் மாவோ.

யூனாவின் ஆயுதம் ஒரு ஜோடித் தாவல். ட்ரிபிள் லட்ஸ் என்று ஒன்று, இறங்கின காலிலேயே உடனே ட்ரிபிள் டோ லூப் என்று இன்னொன்று. லட்ஸ் எழும்பும்போது கத்தியின் வெளி விளிம்பில் நிற்க வேண்டும். நிறையப் பேருக்குக் கடைசி நொடியில் கால் உள்பக்கம் சாய்ந்துவிடும். மாவோவுக்கும் அந்தக் குறை இருந்தது, அதனால் வான்கூவரில் லட்ஸையே விட்டுவிட்டார். யூனாவுக்கு அது அச்சில் வார்த்த மாதிரி வரும். வேகமாக வந்து, வேகம் குறையாமல் எழும்பி, அதே வேகத்தில் போய்க்கொண்டே இருப்பார். அவரிடமும் குறை இல்லாமல் இல்லை. லூப் என்ற தாவலை நம்பாமல் அவரும் விட்டுவிட்டார்.

இப்போ விலைப் பட்டியலைப் பாருங்க. அன்றைக்கு ட்ரிபிள் ஆக்ஸெலின் விலை 8.2. அதோடு ஒரு டபுள் டோ லூப் சேர்த்தால் 9.5. யூனாவின் ஜோடி, லட்ஸ் 6.0, டோ லூப் 4.0, ஆக 10.0. உலகமே வியக்கும் தாவலை விட யூனாவின் ஜோடிக்கு அரைப் புள்ளி அதிகம்! நல்லா இருந்தால் மேலே இன்னும் இரண்டு புள்ளி கிடைக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். ஆக்ஸெலில் கால் சுற்றுக்கு மேல் குறைந்துவிட்டால், அதை டபுள் ஆக்ஸெல் என்றே எழுதிவிடுவார்கள். 8.2 போய் 3.5 ஆகிவிடும். அதற்கு மேல் நடுவர்களும் கழிப்பார்கள். நூறு ரூபாய்க்கு நெய்த புடவையில் ஒரு இழை போனதற்கு நாற்பது ரூபாய் கொடுத்து, அதிலும் தள்ளுபடி கேட்பது மாதிரி. இது அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிறகு அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். 2010-11 பருவத்திலிருந்து அரைச் சுற்றுக்குள் குறைந்தால் சுமார் எழுபது சதவீதம் கொடுப்பதாக மாற்றினார்கள், ஆக்ஸெலின் விலையையும் 8.5 ஆக்கினார்கள். மாவோவுக்குத்தான் அது தாமதம்.

ஆகவே வான்கூவருக்கு முன்பே பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டவர்கள் யூனா பக்கம்தான் இருந்தார்கள். அந்தப் பருவத்தில் போன இடமெல்லாம் அவர் ஜெயித்து வந்தார். 2009-ல் லாஸ் ஏஞ்சலிஸ் உலகப் போட்டியில் 207.71 எடுத்து, 200-ஐத் தாண்டிய முதல் பெண்ணும் அவரே. மாவோவுக்கு அந்தப் பருவத் தொடக்கம் சரியில்லை, கிராண்ட் ப்ரீ இறுதிப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. டிசம்பருக்குப் பிறகுதான் எழுந்தார்.

சின்ன ஆட்டத்தில் யூனா 78.50, மாவோ 73.78. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். பிப்ரவரி 25 அன்று நீண்ட ஆட்டம். முதலில் யூனா இறங்கினார், அடுத்தது மாவோ. யூனா செய்த ஒவ்வொரு அம்சத்துக்கும் நடுவர்கள் கூட்டித்தான் போட்டார்கள், ஒன்றில்கூடக் கழிக்கவில்லை. 150.06! அந்தக் கைதட்டல் அடங்கும் முன் மாவோ தளத்தில் நின்றார். இரண்டு ஆக்ஸெலையும் முடித்துவிட்டார். பிறகு, அவருக்குச் சாதாரணமான தாவல்களில் தடுமாறினார். டோ லூப்புக்கு எழும்பும்போது கால் மாட்டி, மூன்று சுற்று ஒரே சுற்றாகப் போனது. அவருக்குக் கிடைத்தது 131.72. மொத்தம் யூனா 228.56, மாவோ 205.50.

இந்த நீண்ட ஆட்டத்தைப் பிரித்துப் பாருங்க. அழகுக் கணக்கில் யூனா 71.76, மாவோ 67.04. ஐந்து புள்ளிகூட வித்தியாசம் இல்லை. தொழில்நுட்பக் கணக்கில் யூனா 78.30, மாவோ 64.68. பதின்மூன்று புள்ளிக்கு மேல்! அழகால் ஜெயித்தார் என்று சொன்னவர்கள் தாளைப் பார்க்கவில்லை. தாவல் கணக்கிலேயேதான் யூனா ஜெயித்தார். மார்கழிக் கோலப் போட்டியில் இருபத்தோரு புள்ளி வைத்து இரண்டு இடத்தில் கோடு விட்டுப்போனவருக்கும், பதினைந்து புள்ளி வைத்து ஒரு கோடு பிசகாமல் போட்டவருக்கும் உள்ள வித்தியாசம் அது. தீர்ப்பு சரி. ஆனால் வித்தியாசம் இருபத்து மூன்று புள்ளி இருக்க வேண்டுமா என்றால், இல்லை என்பதுதான் என் கருத்து.

(அதே போட்டியில் வெண்கலம் வாங்கிய கனடாவின் ஜோவானி ரோஷெட், ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு தாயை மாரடைப்பில் இழந்தவர். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.)

ஒரே மாதம் கழித்து, இத்தாலியின் டூரினில் நடந்த உலகப் போட்டியில் மாவோ தங்கம், யூனா வெள்ளி. சரி, கணக்கு நேராகிவிட்டது என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். மாவோ என்ன செய்தார் தெரியுமா? நொபுவோ சாத்தோ என்ற மூத்த பயிற்சியாளரிடம் போய், உலக சாம்பியனாக இருந்துகொண்டே, எல்லாத் தாவலையும் அடிப்படையிலிருந்து திருத்தத் தொடங்கினார். இதனால் சில போட்டிகளில் மோசமாகத் தோற்றார். 2011 டிசம்பரில் அம்மாவும் இறந்துபோனார்.

2014-ல் ரஷ்யாவின் சோச்சி. சின்ன ஆட்டத்தில் மாவோ தடுமாறி விழுந்து பதினாறாம் இடம். பதக்கம் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் வந்து, ட்ரிபிள் ஆக்ஸெலோடு, முன்பு விட்டுவிட்ட லட்ஸையும் சேர்த்து, ஆறு வகைத் தாவலையும் அந்த நான்கு நிமிஷத்தில் வைத்தார். 142.71, அதுவரை அவர் எடுத்ததிலேயே அதிகம். பதினாறிலிருந்து ஆறாம் இடத்துக்கு வந்தார். முடித்து நின்றதும் அழுதார். யூனா பிசகில்லாமல் ஆடியும் அந்த முறை வெள்ளிதான். ரஷ்யாவின் அடெலினா சோத்னிகோவா 224.59 எடுத்துத் தங்கம் வாங்கினார், யூனாவுக்கு 219.11. கொரியாவில் பெரிய கொதிப்பு, புகார்கூடக் கொடுத்தார்கள், எடுபடவில்லை. சோத்னிகோவாவின் பட்டியலில் மூன்று சுற்றுத் தாவல் ஒன்று அதிகம் இருந்தது என்பதும் உண்மை.

யூனா அதோடு ஓய்வு பெற்றார். 2018-ல் கொரியாவில் பியாங்சாங் ஒலிம்பிக் நடந்தபோது ஜோதியை ஏற்றியது அவர்தான். மாவோ 2017 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார்.

வீட்டில் பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனில் இந்த ஆட்டங்களைத் தேடிக் கொடுப்பார்கள். வான்கூவர் நீண்ட ஆட்டம் இரண்டையும், பிறகு சோச்சியில் மாவோ ஆடியதையும் பாருங்க. முகத்தையும் உடையையும் அப்புறம் பார்த்துக்கலாம். முதல் தடவை காலை மட்டும் பாருங்க. எழும்பும்போது முன்பக்கம் பார்த்து எழும்பினால் அது ஆக்ஸெல்.