பல்லுக்கும் விடுப்பு உண்டு



கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதும் தொல்லை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். தீரவில்லை. பக்கத்துப் பற்கள் அந்தச் சந்தில் சாய்கின்றன, எதிர்ப்பல் நீளுகிறது. கழற்றி மாட்டும் கட்டுப்பல் ஒரு வழி. 'பாலம்' மற்றொரு வழி: இருபுறப் பற்களையும் அராவி, உறையிட்டு, நடுவே பொய்ப்பல்லை நிறுத்தி ஒட்டிவிடுவார்கள். செலவு அதிகந்தான். அதற்காக, மலிவாய் ஒட்டித் தருகிறேன் என்று வீடு தேடி வருபவனிடம் வாயைத் திறப்பதா? 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி அது குற்றம்.

"ஒருநாள் சம்பளம் போகுமே" என்கிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில், பல் மருத்துவர் சான்றுக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மற்ற நோய்களையும் சேர்த்து ஆண்டுக்கு 14 நாள், இரண்டாண்டு வேலை செய்தவருக்கு 18, ஐந்தாண்டுக்கு 22. 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவிக்கவேண்டும். சிரம்பானுக்குப் போனால் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். சம்பளம் பிடித்தால் அச்சீட்டோடு தோட்டக் கமிட்டிக்கு வாருங்கள்.