மூடுபனியில் ஒரு விமானம்

(குடியரசு தினத்தன்று நம் வளாகத்தில் கொடியேற்றம் முடிந்ததும் குடியிருப்போரில் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பிள்ளைகள் மிட்டாய்க்குக் காத்திருக்கிறார்கள், சுருக்கமாகவே பேசிவிடுகிறேன்.

நம் பி பிளாக்கில் ஒரு பையன் விமானப்படைத் தேர்வுக்குப் படிக்கிறான். போன வாரம் லிப்டில் அவன் அம்மா என்னிடம், "வேண்டாம்னு சொல்லவும் மனசு வரலை சார், சரின்னு சொல்லவும் வாய் வரலை" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரு பஞ்சாபி அப்பாவின் நினைவு. லூதியானா பக்கத்தில் இசேவால் என்ற கிராமம். அவர் பெயர் தர்லோக் சிங் செகோன். அவரே விமானப்படைக்காரர், அந்த வேலையில் என்னென்ன நடக்கும் என்று அறிந்தவர். அவர் மகன் நிர்மல்ஜித் சிங் செகோன் 1967-ல் விமானப்படையில் அதிகாரியானார்.

1971 டிசம்பரில் போர். 1948-ம் ஆண்டு உடன்பாட்டின்படி ஸ்ரீநகரில் அதுவரை போர் விமானங்கள் நிறுத்தப்படவில்லை. போர் மூண்ட பிறகுதான் 18-வது ஸ்குவாட்ரனின் நாட் விமானங்கள் அங்கே போயின. செகோனுக்கு அந்த மலையும் பழக்கமில்லை, அந்தக் குளிரும் பழக்கமில்லை. நாட் என்பது மிகச் சிறிய விமானம். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை 22 அடிதான். நம் பார்க்கிங்கில் மூன்று கார் நிற்கிற இடத்தில் அடங்கிவிடும்.

டிசம்பர் 14 காலை. பெஷாவரிலிருந்து ஆறு சேபர் விமானங்கள் குண்டு போட வந்துவிட்டன. ஸ்ரீநகரில் மூடுபனி. அது எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. மார்கழியில் போடிமெட்டு ஏறும்போது, முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பின் சிவப்பு விளக்கு ஒரு கொண்டை ஊசி வளைவில் தெரியும், அடுத்த வளைவில் காணாமல் போகும். நாம் முதல் கியரில் ஊர்ந்துபோவோம். அங்கே, குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையில், குமான் என்ற மூத்த அதிகாரி முன்னால் கிளம்ப, செகோன் பின்னால் கிளம்பினார். மேலே போனதும் பனியில் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியவில்லை. குமான் கடைசிவரை வந்து சேர முடியவில்லை. செகோன் தனியாகவே சண்டை போட்டார்.

ஒரு சேபரைச் சுட்டார், இன்னொன்றைத் தீப்பற்ற வைத்தார் என்கிறது நம் அரசின் விருதுக் குறிப்பு. தங்கள் விமானம் எதுவும் விழவில்லை என்கிறது பாகிஸ்தான். அந்தக் கணக்கை வரலாற்றுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தன் விமானம் அடிபட்டது என்று ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் செகோன் விழுந்தார். அவரை வீழ்த்திய விமானியே பின்னாளில் அவரைப் பாராட்டி எழுதினார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. விமானம் மலை இடுக்கில் நொறுங்கிக் கிடந்தது. உடல் கிடைக்கவே இல்லை. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை.

பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் இதுவரை 21 பேர். அதில் 20 பேர் தரைப்படை. விமானப்படையில் இவர் ஒருவர்தான். லூதியானாவில் சிலை இருக்கிறது. 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் வைத்தார்கள்.

ஆனால் சிலையையும் தீவையும் விட எனக்கு நெருக்கமானது வேறு. அவருடைய அந்த 18-வது ஸ்குவாட்ரன் 2016-ல் விமானங்கள் பழசாகி ஓய்வு பெற்றது. 2020-ல் புதிய தேஜஸ் விமானங்களோடு அதை மீண்டும் தொடங்கியபோது எங்கே வைத்தார்கள் தெரியுமா? கோயம்புத்தூர் பக்கம், நம் சூலூரில். கோவைக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது தலைக்கு மேல் சத்தம் கேட்டால் அண்ணாந்து பாருங்கள், அவர் படையும் அந்த வானில் பறந்திருக்கிறது.

பி பிளாக் அம்மாவுக்கு: பயப்படாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நடந்ததைச் சொல்லியிருக்கிறேன், முடிவு உங்கள் வீட்டில். அதுவரை பையன் படிக்கட்டும். மொட்டைமாடி அறையை இரவு பத்து மணிவரை அவனுக்குத் திறந்துவிட செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலே கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஆறு மணிக்கு மேல் கீழே வந்துவிடுங்கள்.

மிட்டாய் அந்த மேசையில். வரிசையாக வாங்க.