ஜாடியில் கட்டிய சீட்டு

தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் காலை ரயிலைப் பிடித்து வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் செல்வங்களே!

1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து கிளம்பிய ரயில் தாணே வந்து நின்றது. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எது என்று கேட்டால் இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அதே பம்பாயில் நடந்த இன்னொரு சங்கதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. வொர்லிக் குன்றின் பாறை அடுக்கில் கிடைத்த ஓர் ஆமையின் புதைபடிவத்தை ஹென்றி ஜான் கார்ட்டர் என்ற மருத்துவர் 1852-இல் விவரித்து, லீத் என்ற சக மருத்துவரின் பெயரைச் சூட்டினார். அந்த ஆமை வாழ்ந்தது தக்காணம் முழுக்க எரிமலைக் குழம்பு பரவிய காலத்தில். ஒரு குழம்பு ஆறி அடுத்த குழம்பு வருவதற்குள் தேங்கிய நீரில் வாழ்ந்த ஆமை. வயது ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டு.

கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கிக்கொள்ளும் வகை அது. அந்த வகை ஆமைகள் இன்று இந்தியாவில் எங்கும் இல்லை. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. இந்த நிலம் ஒரு காலத்தில் தெற்குக் கண்டங்களோடு ஒட்டியிருந்தது. அந்தப் பழைய உறவை விசாரிப்பவர்களுக்கு வொர்லி ஆமை ஒரு துப்பு. நூறு ஆண்டு கழித்து, 1953-இல், அந்த ஆமையின் பேரினத்துக்குக் கார்ட்டரின் பெயரையே வைத்தார்கள்.

முதல் ரயில் கிளம்பிய போரி பந்தர்தான் இன்றைய சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். அங்கே இறங்கி லயன் கேட் பக்கம் நடந்தால் ஹார்ன்பில் ஹவுஸ் வரும். 1883-இல் எட்டுப் பேர் கூடித் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் இப்போது இருக்கும் இடம். 1950-இல் அந்தச் சங்கத்தில் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். இன்று பட்டம் பெறுபவர்களைவிட ஓரிரண்டு வயதுதான் மூத்தவர். 1927-இல் நாகர்கோவிலில் பிறந்த ஜீவநாயகம் சிரில் டேனியல். சங்கத்தில் அவர் வெறும் ஜே.சி.

பறவையியலாளர் சலீம் அலி கோலோச்சிய காலம் அது. பறவைகளின் புகழ் நிறைந்த அந்த இடத்தில் டேனியலின் கண் பாம்பு, பல்லி, ஆமை, முதலை, தவளை மீதும் விழுந்தது. காப்பாளராகி, இயக்குநராகி, 1991-இல் ஓய்வு பெற்றார். யானை ஆய்வுகளிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சங்கத்தின் ஆய்விதழை நெடுங்காலம் பதிப்பித்தார். மற்றவர்கள் எழுதியதை வரிவரியாகத் திருத்திச் செம்மையாக்கும் வேலையில் எத்தனையோ மாலைப் பொழுதுகள் போயின.

சங்கத்தின் நூற்றாண்டான 1983-இல் அவருடைய இந்திய ஊர்வன நூல் வெளிவந்தது. அதுவரை இந்திய ஊர்வனவற்றுக்கு ஆதாரம் 1931-க்கும் 1943-க்கும் இடையில் மால்கம் ஸ்மித் எழுதிய மூன்று தொகுதிகள்தான். துறை வல்லுநர்களுக்காக எழுதப்பட்டவை அவை. டேனியலின் புத்தகத்தைக் கல்லூரி மாணவரும், வனக்காவலரும், தோட்டத்தில் பாம்பைப் பார்த்த வீட்டுக்காரரும் புரட்டிப் புரிந்துகொள்ள முடிந்தது. 2002-இல் தவளை இனங்களையும் சேர்த்து அதை விரிவாக்கினார்.

புத்தகத்துக்குப் பின்னால் இருப்பவை ஜாடிகள். அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ள ஒவ்வோர் உயிரியோடும் ஒரு சீட்டு கட்டியிருக்கும்: எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது. சீட்டு அறுந்துபோனால் உள்ளே இருப்பது எவ்வளவு அரிய பாம்பானாலும் ஆய்வுக்குப் பெரிதாக உதவாது. சீட்டு பத்திரமாக இருந்தால், எழுதியவர் நினைத்தும் பார்க்காத கேள்விகளுக்கெல்லாம் அது ஒரு நாள் பதில் சொல்லும்.

எந்த ஊர் என்று குறித்து வைப்பதன் அருமைக்கு ஓணான் கதை ஒன்று. 1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே, புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு சிறு ஓணானுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார். சிதானா பொந்திசெரியானா. ஆண் ஓணானின் தொண்டைக்குக் கீழே விசிறி மாதிரி ஒரு மடிப்பு. துணையைக் கவரவும் போட்டிக்கு வந்தவனை விரட்டவும் அதை விரித்து விரித்து மூடும். நாட்டில் எங்கே விசிறித்தொண்டை ஓணானைக் கண்டாலும் பெரும்பாலும் அந்த ஒரே பெயரைத்தான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். 2016-இல் வீ. தீபக், வரத் கிரி, பிரவீண் கரந்த் முதலானோர் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, ஐந்து புதிய சிற்றினங்களையும் ஒரு புதிய பேரினத்தையும் அறிவித்தார்கள். புதிய பேரினத்தின் பெயர் சரடா. மராத்தியில் ஓணானைக் குறிக்கும் சொல். தாணேக்காரர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பேரினத்தில் ஒன்று சதாரா பக்கத்துச் சால்கேவாடி மேட்டில் வாழ்கிறது. விசிறியை விரித்தால் நீலம், கறுப்பு, ஆரஞ்சு. அந்த மேட்டில் வரிசையாகக் காற்றாலைகளும் நிற்கின்றன. மரியா தாக்கர், அமோத் சாம்ப்ரே, ஹர்ஷல் போசலே மூவரும் அங்கே ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. காற்றாலை உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. ஓணான்கள் பெருகியிருந்தன. பயம் குறைந்து, ஆள் நெருங்கினாலும் அவ்வளவு சீக்கிரம் ஓடவில்லை. டேனியல் பிறந்த நாகர்கோவிலை ஒட்டிய ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளை ஊருக்குப் போகும்போது ரயில் ஜன்னலில் பார்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தக் காற்றாலைகளின் அடியில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்கவும் இங்கிருந்தே ஒருவர் போகலாம்.

காடு மேடெல்லாம் போக முடியாதவர்களுக்குச் சுவர்ப் பல்லி இருக்கிறது. பல்லி சொன்னால் பலன் பார்க்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பன்சாலும் கரந்தும் 2010-இல் அதனிடம் வேறொன்று கேட்டார்கள்: உன் பூர்வீகம் எது? மரபணு சொன்ன பதில் இது. இந்தியப் பல்லிகளில் பெரும்பாலானவை இந்த மண்ணிலேயே கிளைத்துப் பெருகிய தனிக் கூட்டம்; ஆசிய நாடுகளின் வீட்டுச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லிகளின் மூதாதையரும் இங்கிருந்து போனவர்களே.

உறவுமுறை ஆராய்ச்சி உயிர் காக்கும் காரியம் என்பதற்கும் இதே ரயில் பாதையில் சான்று உண்டு. பரேலில் ஹாஃப்கின் நிறுவனம் இருக்கிறது; 1899-இல் பிளேக் ஆய்வுக்கூடமாக அங்கே குடியேறி, பிற்பாடு பாம்புக்கடி மருந்துக்குப் பேர்போன இடம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டுதான் இந்தியாவில் அந்த மருந்து தயாராகிறது. அந்த நஞ்சில் பெரும்பகுதியை, 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் பக்கத்திலிருந்து தருகிறது. ஆனால் ஒரே சிற்றினத்தின் நஞ்சுகூட ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. ஓரிடத்து நஞ்சில் செய்த மருந்து வேறோர் இடத்தில் முழுப் பலன் தராமல் போகலாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். எந்த ஊர்ப் பாம்பு என்று சீட்டில் எழுதிய அந்த ஒரு சொல் எவ்வளவு கனமானது என்று இப்போது தெரியும்.

இன்று பட்டம் வாங்குபவர்களில் சிலர் ஆய்வுக்குப் போவார்கள். சிலர் ஆசிரியராவார்கள்; பலர் வங்கியிலும் மருந்து நிறுவனத்திலும் வேலைக்குச் சேர்வார்கள். வீட்டின் தேவை முதலில் நிற்கும், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் யேவூர்க் காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகத் தடையில்லை. கழிமுகத்தின் சேற்றில் நகர்வதையும், மழை பிடித்ததும் அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி வருவதையும் அடிக்காமல் தள்ளி நின்று பார்த்து, இடமும் தேதியும் சேர்த்துக் குறித்து வைக்கலாம். படம் எடுக்க எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

2003-இல், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் பணியாற்றிய வரத் கிரி, மார்க் வில்கின்சன், டேவிட் கோவர் மூவரும் சிந்துதுர்க் மாவட்டத்து ஆம்போலியில் மண்ணுக்குள் வாழும், காலில்லாத ஒரு நீர்நில வாழ்வியை விவரித்தார்கள். மண்புழு என்றே பலர் கடந்துபோகும் உருவம். அதற்கு டேனியலின் பெயரை வைத்தார்கள். 2011-இல் கொம்பேறி மூக்கன் வகைப் பாம்பு ஒன்றுக்கும், 2016-இல் தரையில் திரியும் பல்லி ஒன்றுக்கும் வரத் கிரியின் பெயர் வந்து சேர்ந்தது. டேனியல் 2011 ஆகஸ்டில் இந்த மும்பையிலேயே காலமானார்.

தாணேயில் ஏறினால் ஒரே ரயில், கடைசி நிலையம் வரை மாற வேண்டியதில்லை. பட்டச் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டு அடுத்த வாரம் ஒரு நாள் ஹார்ன்பில் ஹவுஸ் வரை போய் வாருங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.