முக்குளிப்போரும் மூச்சுக் குழலும்



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பாசனக் கிணறுகளில் நீந்திப் பழகும் சிறுவர்கள், பப்பாளி இலைக் காம்பை வாயில் கவ்வி, நீருக்குள் முகம் புதைத்து மூச்சு விடுவதுண்டு. கடலில் முக்குளிப்போர் முகமூடியின் ஓரத்தில் செருகிக்கொள்ளும் மூச்சுக் குழலும் அதே தத்துவத்தில் அமைந்ததே. முதுகில் காற்றுக் கலம் சுமந்து செல்பவருக்கு இக்குழல் வேண்டுமா என்பதில் முக்குளிப்போர் இரு கட்சியாக நிற்கின்றனர். அவ்வழக்கை இன்று ஆராய்வோம்.

முதலில் குழலின் எல்லையை அறிதல் வேண்டும். அதன் நீளம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டரே. நீளத்தைக் கூட்டினால் ஆழத்திலும் சுவாசிக்கலாமே எனத் தோன்றும். இயலாது. நீரில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தத்தை எதிர்த்துக் காற்றை உள்ளிழுக்க நெஞ்சுத் தசைகள் திணறிவிடும். அன்றியும், நாம் வெளிவிட்ட மூச்சே நீண்ட குழலில் தங்கி மீண்டும் உள்ளே வரும். ஆழத்திற்கு உரிய கருவி வேறு. ழாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்னும் பொறியாளரும் 1943-ஆம் ஆண்டில் பிரான்சில் அதனை உருவாக்கினர். சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடாக அது காற்றை வழங்குகிறது.

அப்படியாயின் குழல் எதற்கு? கணக்கிட்டுப் பார்ப்போம். 12 லிட்டர்க் கலத்தில் 200 வளிமண்டல அழுத்தத்தில் காற்றை அடைத்தால் 2,400 லிட்டர்க் காற்று கிடைக்கும். நிமிடத்திற்கு 20 லிட்டர் செலவெனக் கொண்டால், மேற்பரப்பில் அது 120 நிமிடங்களுக்கு வரும். அழுத்தம் மும்மடங்காகும் 20 மீட்டர் ஆழத்திலோ 40 நிமிடங்களே. 50 வளிமண்டல அழுத்தம் மீதமிருக்க மேலே வருபவரிடம் எஞ்சுவது அரைமணி நேரக் காற்று. திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணம். அதற்குத் தெற்கே முக்குளிப்புப் பயிற்சி நடைபெறும் புதுச்சேரி. அக்கடலில் நீரோட்டம் ஒருவரைப் படகினின்று விலக்கிவிட்டால், அலை முகத்தில் அடிக்கும்போது எஞ்சிய காற்றைச் செலவிடாமல் மூச்சுவிடக் குழல் உதவுகிறது.

மறுப்போர் கூற்றிலும் உண்மை உண்டு. மிதவைச் சட்டை தலையை நீருக்கு மேல் நிறுத்தும். குழலோ வலையிலும் கயிற்றிலும் சிக்கும். மூழ்கிய கப்பலுக்குள்ளும் குகைக்குள்ளும் செல்வோர் அதனை அணியாததற்குக் காரணம் இதுவே.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் குழலுமின்றிக் கலமுமின்றி, கல்லின் கனத்தால் இறங்கினர். படகில் கயிறு பிடித்திருந்த துணைவர் அவர்களை மேலே இழுத்தார். எழுந்த இடத்திலேயே படகு இருந்தது. இன்று முக்குளிப்பவர் கயிறின்றி உரிமையோடு திரிகிறார். ஆகவே படகுக்கு எட்டாத இடத்தில் எழவும் கூடும். கயிறு அளித்த காவலுக்கு மாற்றாக அவருக்குச் சில வேண்டும். அவற்றுள் ஒன்று இக்குழல். மடித்துப் பையில் வைக்கத்தக்க குழல்களும் உள்ளமையால், திறந்த கடலில் அதனைக் கொண்டு செல்வதே அறிவுடைமை.

மாணவர்களே, ஒரு கருவியின் தேவையை, செய்யப்போகும் செயலை மட்டும் கொண்டு அளவிடாதீர்கள். திரும்பி வரும் வழியையும் கருதுங்கள். கிணறாயினும் கடலாயினும், துணையின்றி இறங்காதீர்கள்.