இருசக்கர ஊர்தியும் வெயில் மழைப் பாதுகாப்பும்

(பொறியியல் மாணவர்களும் போக்குவரத்துத் துறை அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றலாம். ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்பவர் மழையில் நனையாமலும் வெயிலில் வாடாமலும் செல்ல வழியுண்டா என்பதே அது. ஆனால் நம் நாட்டில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் நான்கில் ஏறத்தாழ மூன்று, இருசக்கர ஊர்திகள். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளத்தைத் தொட்டு, ஜூலை இரண்டாம் வாரத்திற்குள் நாடு முழுவதும் பரவுகிறது. ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. அதற்கு முன் கடுங்கோடை. பின்னர் வடக்கே பனிமூட்டம். ஆகவே இது கோடிக்கணக்கான மக்களின் அன்றாடச் சிக்கல்.

முன்தகடு தந்த பாதுகாப்பு

ஸ்கூட்டரின் வரலாறே இந்த வினாவில்தான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் பியாஜ்ஜோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். 1946-ல் வெளிவந்த அவ்வண்டியில் எஞ்சினைத் தகட்டினால் மூடினார். ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னே அகன்ற தகடு ஒன்றை நிறுத்தினார். சேறும் எண்ணெயும் உடையில் படாமல் அலுவலகம் செல்ல அது உதவியது. 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் முதலிய நம் நாட்டு ஸ்கூட்டர்களும் அதே அமைப்பைக் கொண்டிருந்தன.

1980-களின் நடுவில், குறைந்த எரிபொருளில் ஓடும் 100 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் பெருகின. பெட்ரோல் மிஞ்சியது, முன்தகடு போயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் செல்வாக்குப் பெற்றபோதுதான் அத்தகடு மீண்டும் பரவலாயிற்று.

நம் சட்டத்திலும் இத்தகைய பாதுகாப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னிருக்கையில் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்வைப்பும் வேண்டும் என்கிறது. அவர் உடை சக்கரத்தில் சிக்காதவாறு, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் காப்பும் வேண்டும் என்கிறது. மக்கள் ‘சாரி கார்டு’ என்று அழைப்பது இதைத்தான். நம் மக்கள் எவ்வாறு உடுத்துகிறார்கள், எவ்வாறு அமர்கிறார்கள் என்பதைக் கண்டு எழுதிய விதி இது.

கூரை ஏன் நிலைக்கவில்லை?

தகடு இருக்கட்டும், கூரையே போட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்கக்கூடும். முயன்று பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் சி1 என்னும் கூரையுள்ள ஸ்கூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுமினியச் சட்டத்தாலான கூண்டு, முன்கண்ணாடி, அதைத் துடைக்கும் வைப்பர், இருக்கை வார்கள் எல்லாம் அதில் இருந்தன. வாரை மாட்டிக்கொண்டால் தலைக்கவசம் தேவையில்லை என ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகள் விலக்களித்தன. பிரிட்டன் அளிக்கவில்லை. 125 சி.சி. எஞ்சினும் ஏறத்தாழ 185 கிலோ எடையும் கொண்ட அவ்வண்டியின் கூரை ஒருவருக்கே பயன்பட்டது. பின்னால் அமர்பவர் கூண்டுக்கு வெளியே இருந்தார். 2002-லேயே உற்பத்தி நின்றது.

கூரைக்கு முதல் தடை காற்று. காற்றின் விசை வேகத்தின் இருமடியாக வளரும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சதுர மீட்டர் தட்டைப் பரப்பின்மீது ஏறத்தாழ 3 கிலோ எடைக்கு ஈடான விசை விழுகிறது. 50 கிலோமீட்டரில் அது 12 கிலோ ஆகிறது. 75 கிலோமீட்டரில் 27 கிலோ. ஓடும் வண்டியில் பின்னால் அமர்ந்தவர் குடை பிடிப்பது எத்தகைய ஆபத்து என்பதற்கு இக்கணக்கே விடை. குடை திரும்பினால் அவ்வளவு விசையும் அவர் கையை இழுக்கும். அவரையே இருக்கையிலிருந்து பெயர்த்துவிடும்.

பக்கக் காற்று இன்னும் கொடியது. இருபுறமும் மூடிய ஸ்கூட்டரின் பக்கப் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர் என்று கொள்வோம். மழைக்கு முன் வீசும் 50 கிலோமீட்டர்ச் சூறைக்காற்று அதன்மீது 18 கிலோ விசையைச் செலுத்தும். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 175 கிலோ எனில், சமநிலை காக்க ஏறத்தாழ 6 பாகை சாய வேண்டும். லாரி ஒன்றைக் கடக்கையில் அக்காற்று ஒரு நொடியில் மறையும்; மறுநொடியில் மீண்டும் தாக்கும். காருக்கு அகலம் உண்டு, அது தாங்கும். இருசக்கர ஊர்தி சாய்ந்துதான் தாங்க வேண்டும். முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிய பந்தய மோட்டார் சைக்கிள் உறைகளை உலகப் பந்தய அமைப்பு 1957-க்குப் பின் தடை செய்ததற்குப் பக்கக் காற்று ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது தடை வெப்பம். குளிர்நாட்டில் மூடிய கூடு ஒரு வரம். நாக்பூரின் மே மாதத்தில், சிக்னலில் நிற்கும் மூடிய கூடு ஓர் அடுப்பு. மூன்றாவது தடை சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு கேட்கும் தலைக்கவசத்துக்குக் கூரை ஈடாகாது. 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை உரிமையாளர் மாற்றலாகாது. கடைத்தெருவில் கம்பியும் தார்ப்பாயும் வாங்கிக் கட்டும் கூரைகள் எந்தச் சோதனைக்கும் உட்பட்டவையல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சக்கரத்தைக் கூட்டும் வழி

மழையில் ஸ்கூட்டரில் நெருக்கிக்கொண்டு செல்லும் குடும்பங்களைக் கண்டே சிறிய காரைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியதாக ரத்தன் டாடா பலமுறை கூறியிருக்கிறார். இருசக்கர ஊர்தியை எப்படிப் பாதுகாப்பானதாக்கலாம் என்று அவர் வரைந்து பார்த்தவை மெல்ல நான்கு சக்கரமாயின. 2008 ஜனவரியில் டெல்லியில் நானோ கார் அறிமுகமானது. 2018-ல் அதன் உற்பத்தி ஓய்ந்தது. வணிகத்தில் அது வெல்லவில்லை. எனினும் அதன் பிறப்பு ஒரு பாடம் தருகிறது: முழுக் கூரை வேண்டுமெனில், தானே நிற்கவல்ல வண்டி வேண்டும்.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1990-ல் கைரோ கனோப்பி என்னும் மூன்று சக்கர ஸ்கூட்டரைக் கொணர்ந்தது. அதற்குக் கூரையும் முன்கண்ணாடியும் உண்டு. வளைவில் ஓட்டுபவரின் பகுதி சாயும். பின்சக்கரங்கள் இரண்டும் தரையில் ஊன்றி நிற்கும். அந்நாட்டில் உணவு கொண்டுசெல்லும் பணிக்கு அது பெரிதும் பயன்பட்டது. நம் நாட்டிலும் காரினும் எளிய குவாட்ரிசைக்கிள் வகைக்கு 2018-ல் மைய அரசு இசைவளித்தது. பஜாஜ் கியூட் அவ்வகையைச் சேர்ந்தது.

யாருக்காக இந்தச் சிந்தனை?

நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, செயலிகளின் வழியும் பிற வகையிலும் அவ்வப்போது கிடைக்கும் வேலைகளைச் செய்வோர் 2020-21-ல் 77 லட்சம் பேர் என மதிப்பிட்டது. 2029-30-ல் அவர்கள் 2.35 கோடியாவர் என்றும் கணித்தது. அவர்களில் பலரின் பணியிடம் ஓர் இருக்கையும் இரண்டு சக்கரங்களுமே. மழை பெய்தால் நாம் வீட்டிலிருந்தபடி உணவு கேட்கிறோம். அவர் வெளியே கிளம்புகிறார். ஒருமுறை மேம்பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, தம் மழைக்கோட்டைக் கழற்றிப் பொருள் பையின்மேல் போர்த்திவிட்டு நனைந்தபடி புறப்பட்ட இளைஞர் ஒருவரைக் கண்டேன். பொருள் நனைந்தால் அவர் கணக்கில் கழிவு விழும். அவர் நனைந்தால் அதை எழுதும் கணக்கு எங்கும் இல்லை.

2022-ல் நம் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள். இத்தனைக்கும் மழையே காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால் நனைந்த விரல் பிரேக்கை மெதுவாகப் பிடிக்கிறது. மங்கிய கண்ணாடி பள்ளத்தை மறைக்கிறது. வெயிலில் சோர்ந்த கண் ஒரு கணம் தவறுகிறது. ஆகவே வானிலைக் காப்பை வசதிப் பொருளாகக் கருதாமல், பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பகுதிக் காப்பு. அளவான காற்றுத் தடுப்பு, கைப்பிடிக்கு உறை, முழங்கால்வரை தகடு, நீண்ட மட்கார்டு ஆகியவற்றை வண்டியோடு சோதித்துத் தயாரிப்பாளரே விற்க வேண்டும். அழகுக்காகக் குறுகிப்போன மட்கார்டு, சேற்றைப் பின்வருபவரின் முகத்தில் இறைக்கிறது. அதை நீட்டப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. புனேயிலுள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற அமைப்புகள், பக்கக் காற்றையும் உட்படுத்தி இவற்றுக்கான அளவுகளை வகுக்கலாம்.

இரண்டாவதாக, உடை. 2021 ஜூன் முதல் இருசக்கர ஊர்தித் தலைக்கவசத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. மழையுடைக்கும் ஒரு தரம் வகுத்தல் நன்று. காற்றில் பறக்காத தைப்பும், இருளில் ஒளிரும் பட்டையும் அதில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவதாக, சாலை. மழை வந்தால் மேம்பாலத்தடியில் நூறு வண்டிகள் நின்று பாதையை அடைக்கின்றன. அதுவும் விபத்துக்கு வழி. அங்கே ஒதுங்க ஒரு தனி ஓரம் அமைப்பது பொறியாளருக்கு எளிது. 2024 கோடையில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் அமைத்தார்கள். வண்டிக்குப் போட இயலாத கூரையைச் சாலைக்குப் போடலாம் என்பதற்கு அது சான்று.

நான்காவதாக, நாள் முழுதும் வண்டியிலேயே உழைப்போருக்குக் கூரையுள்ள மூன்று சக்கர மின் ஊர்திகள். அவற்றை வாங்கும் செலவு தொழிலாளியின் தலையில் விழாமல், அவருடைய உழைப்பால் பயன்பெறும் நிறுவனங்கள் ஏற்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, புதிய வண்டி ஒன்றை வரையும்போது அதை மே மாத நண்பகலிலும் ஜூலை மாத மாலையிலும் ஓட்டிச் செல்பவரை எண்ணிப் பாருங்கள். அலுவலர்களே, அடுத்த மேம்பாலத்தின் வரைபடம் உங்கள் மேசைக்கு வரும்போது, அதன் அடியில் ஒதுங்கி நிற்கப்போகிறவர்களுக்கும் ஓர் இடம் குறித்திருக்கிறதா என்று பாருங்கள்.